ஃப்ரீமேசன் ஆவது ஓர் அகப்பயணம் என்கிறார்களே, உள்ளே அப்படி என்னதான் நடக்கிறது?

ஃப்ரீமேசன்கள் என்பது கல்தச்சர்களின் கருவிகளை அடையாளமாக வைத்து ஒழுக்கம் கற்பிக்கும் ஒரு சகோதரச் சங்கம். நான் அதில் ஓர் உறுப்பினர். கைகுலுக்கும் முறை, அடையாளச் சொற்கள் இரண்டையும் வெளியே சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்திருப்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். மற்றபடி இதில் பெரிய ரகசியம் இல்லை. 1730-லேயே லண்டனில் ஒருவர் சடங்குகளை அச்சடித்து விற்றுவிட்டார்.

மொத்தம் மூன்று படிநிலைகள். முதலாவதில் கண்ணைக் கட்டி, கழுத்தில் ஒரு கயிற்றை மாட்டிவிடுவார்கள். ஒரு பக்க மார்பும் ஒரு முழங்காலும் வெளியே தெரியும். கேட்கச் சிரிப்பாக இருக்கும், எனக்கும் இருந்தது. ஆனால் கண் தெரியாமல், யாரோ ஒருவர் கையைப் பிடித்து இழுக்கும் பக்கமெல்லாம் நடக்கும்போது, வெளியே நாம் வகிக்கும் பதவியும் படிப்பும் ஒன்றுக்கும் உதவாது. சத்தியப் பிரமாணம் முடிந்த பிறகுதான் கண்கட்டை அவிழ்ப்பார்கள். வெளிச்சத்தில் முதலில் கண்ணில் படுவது வேதநூல், மூலைமட்டம், கவராயம். அவரவர் தங்கள் மத நூலின் மேல் சத்தியம் செய்யலாம். கடவுள் நம்பிக்கை வேண்டும் என்பது பொதுவான விதி. ஆனால் கிராண்ட் ஓரியன்ட் என்ற பிரான்ஸின் ஃப்ரீமேசன் தலைமை அமைப்பு 1877-ல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது, அதனால் மற்ற நாட்டு அமைப்புகளோடு வந்த சண்டை இன்னும் ஓயவில்லை.

என்னை உலுக்கியது வேறொன்று. உள்ளே போகும் முன் மோதிரம், கடிகாரம், சில்லறை என்று உலோகம், பணம் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். சாலமோன் அரசர் எருசலேமில் ஆலயத்தைக் கட்டியபோது அங்கே இரும்புக் கருவியின் சத்தமே கேட்கவில்லை என்ற பைபிள் குறிப்பை அதற்குக் காரணமாகச் சொல்வார்கள். அப்புறம் லாட்ஜின், அதாவது நாங்கள் கூடும் அறையின், வடகிழக்கு மூலையில் நிற்க வைத்து, ஏழைகளுக்கு ஏதாவது தரும்படி கேட்பார்கள். பழக்கதோஷத்தில் கை பைக்குப் போகும். ஒன்றுமில்லை. கொடுக்க மனமிருந்தும் வழியில்லாமல், அத்தனை பேர் முன்னால் "என்னிடம் எதுவும் இல்லை" என்று சொல்ல வேண்டும். கஷ்டத்தில் இருப்பவரைப் பார்க்கும்போது இந்த நிமிடத்தை நினைத்துக்கொள் என்று அப்போது சொல்வார்கள். தர்மத்தைப் பற்றி எத்தனையோ உபதேசம் கேட்டிருக்கிறேன். எதுவும் இவ்வளவு ஆழமாக இறங்கியதில்லை.

அதே படிநிலையில்தான் கரடுமுரடான கல்லைக் காட்டி, இதுதான் நீ, செதுக்கவேண்டியது உன் வேலை என்பார்கள். இரண்டாவது படிநிலை கல்வியைப் பற்றியது. சுழல்படிக்கட்டு, ஐம்புலன்கள், ஏழு கலைகள் என்று போகும். உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் சலிப்பாகவே இருந்தது.

மூன்றாவது மரணம் பற்றியது. சாலமோனின் ஆலயத்தைக் கட்டிய தலைமைச் சிற்பி ஹிராம் அபிஃப் ரகசியச் சொல்லைத் தர மறுத்ததால் மூன்று பேர் அவரைக் கொன்றுவிடுகிறார்கள். பைபிளில் ஹிராம் உண்டு, இந்தக் கொலை கிடையாது. இந்த நாடகத்தில் ஹிராமாக இருப்பது புதிதாகச் சேருபவர்தான். செத்து, புதைந்து, எழுப்பப்படுவதும் அவர்தான். இதற்கு மேல் விவரித்தால் சேர நினைப்பவருக்கு ருசி போய்விடும்.

எல்லாம் முடிந்ததும், அசல் சொல் ஹிராமோடு போய்விட்டது, உனக்குக் கிடைப்பது அதற்கு ஒரு மாற்றுதான் என்று சொல்லிவிடுவார்கள். ஏதோ பெரிய ரகசியம் கிடைக்கும் என்று வந்தவருக்கு இது சப்பென்று போகும். எனக்கென்னவோ மூன்று படிநிலைகளிலும் நேர்மையான இடம் இதுதான் என்று தோன்றுகிறது.