கையெழுத்துப் போட்டதெல்லாம் கடன்தானா? ஆடிட்டரிடம் கேளுங்கள்

கோவைப் பக்கத்துப் பட்டறை, பவுண்டரி, பம்ப்செட் தொழில்காரர்களின் கேள்விகள். அந்தத் தொழில்களின் கணக்கை நெடுங்காலமாகப் பார்த்துவரும் ஆடிட்டர் ஒருவரின் பதில்கள்.

பவுண்டரி நடத்துபவர்: ஆடிட்டர் சார், ஜி.எஸ்.டி.யில் 38 லட்சத்துக்கு ஆர்டர் போட்டுவிட்டார்கள். அப்பீல் போகிறோம். இதை பேலன்ஸ் ஷீட்டில் காட்டினால் பேங்கில் கடன் லிமிட்டைக் குறைத்துவிடுவார்களோ?

முதலில் அந்த 38 லட்சத்தைப் பிரித்துப் பாருங்கள். வரி எவ்வளவு, வட்டி எவ்வளவு, அபராதம் எவ்வளவு? வரி மட்டும் 24 லட்சம், அது முழுவதையும் எதிர்க்கிறீர்கள் என்றால், முதல் அப்பீலுக்கு முன்கூட்டிக் கட்டவேண்டிய 10 சதவீதம் அந்த 24-க்குத்தான். அதாவது 2.4 லட்சம். மொத்தத் தொகைக்கும் போட்டு 3.8 லட்சம் கட்டிவிட்டு வந்து நின்றவர்களும் உண்டு. ஆர்டர் கைக்கு வந்து 3 மாதத்துக்குள் அப்பீல் போட்டாக வேண்டும்.

கணக்கில் எங்கே வைப்பது என்பது கேஸின் பலத்தைப் பொறுத்தது. பணம் போகத்தான் வாய்ப்பு அதிகம் என்றால் ப்ரொவிஷன், அதாவது முன்கூட்டியே ஒதுக்கி வைக்கும் தொகை. லாபத்திலிருந்தே கழித்துவிட வேண்டும். போனாலும் போகலாம் என்ற நிலை என்றால் கண்டிஞ்சன்ட் லயபிலிட்டி (வந்தாலும் வரக்கூடிய பொறுப்பு) என்று பேலன்ஸ் ஷீட்டோடு வரும் குறிப்புகளில், அதாவது நோட்ஸில் எழுதினால் போதும். போக வழியே இல்லையென்றால் எழுதவே வேண்டாம். சப்ளையர் வரி கட்டாததால் உங்கள் இன்புட்டை (வாங்கிய சரக்குக்குக் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்வதை) மறுத்த கேஸும், பில்லே போலி என்று மறுத்த கேஸும் ஒன்றல்ல. வக்கீலிடம் எழுத்தில் ஒரு கருத்து வாங்கி ஃபைலில் வையுங்கள். பேங்குக்குப் பயந்து நோட்ஸில்கூடப் போடாமல் விடுவதற்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

பம்ப் தயாரிப்பாளர்: ஒரு வருஷ வாரண்டி தருகிறோம். அதுவும் இதே மாதிரி நோட்ஸில்தானே?

இல்லை. பம்ப் விற்றுப் போயாச்சு, சிலது திரும்பி வரும் என்பதும் தெரியும். பழைய சர்வீஸ் ரெஜிஸ்டரைப் பார்த்து ஒரு தொகையை ப்ரொவிஷனாக வையுங்கள்.

சி.என்.சி. ஜாப் ஒர்க் செய்பவர்: 1.6 கோடிக்கு மெஷின் ஆர்டர், அட்வான்ஸ் 40 லட்சம். மீதி 1.2 கோடி கடனா?

மெஷின் வரும்வரை கடன் இல்லை. கமிட்மெண்ட், இனிமேல் தருவதாக ஒப்புக்கொண்ட தொகை. நோட்ஸில் ஒரு வரி.

ஏற்றுமதியாளர்: ஏற்றுமதி செய்து காட்டுவோம் என்ற உறுதியின் பேரில் டியூட்டி இல்லாமல் மெஷின் இறக்க விடும் இ.பி.சி.ஜி. லைசென்ஸில் மெஷின் இறக்கி 22 லட்சம் டியூட்டி மிச்சம் பிடித்தோம். ஆறு வருஷத்தில் 1.32 கோடி எக்ஸ்போர்ட் செய்தால் போதும்தானே?

கணக்குச் சரி, மிச்சம் பிடித்த டியூட்டியைப் போல் 6 மடங்கு, 6 வருஷம். ஆனால் பாதிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான்: பொதுவாக, லைசென்ஸுக்கு முந்தைய 3 வருஷம் அதே சரக்கில் நீங்கள் செய்த சராசரி ஏற்றுமதியை வருஷாவருஷம் தொட்டுவிட்டு, அதற்கு மேல்தான் இந்த 1.32 கோடி. அதிலும் பாதியை முதல் 4 வருஷத்துக்குள் முடிக்க வேண்டும். தவறினால் விட்டுக்கொடுத்த டியூட்டி வட்டியோடு திரும்பி வரும்.

இன்னொன்று. எக்ஸ்போர்ட்டை முடித்த சந்தோஷத்தில் லைசென்ஸ் தந்த வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகமான டி.ஜி.எஃப்.டி.யிடம், ஏற்றுமதிக் கடமை முடிந்தது என்ற இ.ஓ.டி.சி. சான்றிதழ் வாங்க மறந்துவிடுவார்கள். கஸ்டம்ஸில் கொடுத்த பாண்டு (உறுதிப் பத்திரம்) அப்படியே உயிரோடு கிடக்கும். மெஷினைக் காயலான் கடைக்குப் போட்ட பிறகு நோட்டீஸ் வந்த கிளையன்ட் எனக்கு இருக்கிறார். ஷிப்பிங் பில் தேடிப் பரணெல்லாம் ஏறினோம்.

முன்னாள் டைரக்டர்: மச்சான் கம்பெனி லோனுக்கு கேரண்டி போட்டேன். 2021-லேயே டைரக்டர் பதவியை விட்டுவிட்டேன். இப்போது பேங்க் எனக்கு நோட்டீஸ் விடுகிறது. இது நியாயமா?

நியாயமோ இல்லையோ, சட்டம் அப்படித்தான். 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆவது பிரிவுப்படி, பத்திரத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, கடன்காரருக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன்தாரருக்கும் அவ்வளவு. முதலில் மச்சானிடம் வசூல் பண்ணிவிட்டு வா என்று பேங்கிடம் சொல்ல முடியாது. கம்பெனி திவால் சட்டத்தில் தீர்வுத் திட்டம் வாங்கினாலும் ஜாமீன்தாரர் தானாகத் தப்பிவிட மாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2021-ல் சொல்லியிருக்கிறது. பதவி விலகலும் கேரண்டியும் வேறு வேறு. விலகியபோதே வேறொருவரை ஜாமீனாக மாற்றி, பேங்கிடம் விடுவிப்புக் கடிதம் வாங்கியிருக்க வேண்டும். இப்போது கேரண்டிப் பத்திரத்தின் நகலை வாங்கி, தொகைக்கு உச்சவரம்பு இருக்கிறதா, நீங்கள் விலகிய பிறகு லிமிட்டை ஏற்றினார்களா என்று வக்கீலிடம் காட்டுங்கள்.

பார்ட்ஸ் வாங்கி அசெம்பிள் செய்பவர்: சின்னப் பட்டறைகளுக்கு 90 நாளில்தான் பணம் தருகிறோம். யாரும் கேட்டதில்லை.

கேட்காததால் பொறுப்பு போய்விடாது. உத்யம் என்ற அரசின் சிறுதொழில் பதிவு பெற்ற சிறு உற்பத்தியாளருக்கு அதிகபட்சம் 45 நாள். எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. அந்த வட்டியைச் செலவாகவும் கழிக்க முடியாது. 2023-24 முதல், கெடு தாண்டி மார்ச் 31-க்குள்ளும் கட்டாத பில்லை அந்த வருஷச் செலவாக வருமான வரியில் ஏற்பதில்லை. மார்ச் பிறக்கும் முன் கிரெடிட்டர்ஸ் லிஸ்டை எடுத்து உத்யம் நம்பர் உள்ளவர்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

பங்கு வாங்கியவர்: நான் பங்கு வைத்திருக்கும் கம்பெனியில் கண்டிஞ்சன்ட் லயபிலிட்டி லாபத்தைவிட அதிகம். விற்றுவிடலாமா?

லாபத்தோடு மட்டும் ஒப்பிடாதீர்கள், நெட் ஒர்த்தோடும் (சொத்தில் கடனைக் கழித்த மிச்சத்தோடும்) ஒப்பிடுங்கள். ஆடிட்டர் அறிக்கையின் இணைப்பில் தகராறில் உள்ள வரிப் பாக்கிகள் எந்த வருஷத்தது, எந்த மன்றத்தில் கிடக்கிறது என்று பட்டியல் இருக்கும். பத்து வருஷமாக ஒரே கேஸ் டிரிபியூனலில் தூங்கினால் நான் அவ்வளவாகக் கவலைப்பட மாட்டேன். புரமோட்டரின் வேறொரு கம்பெனிக்குக் கொடுத்த கேரண்டி வருஷாவருஷம் ஏறிக்கொண்டே போனால், நான் விற்றுவிடுவேன்.