பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஸ்கூல் பஸ் உண்டு, என் பிள்ளைகளுக்கு ஏன் இல்லை?

விசா காரணமாகத்தான் பஸ் இல்லையோ என்று கவலைப்படுகிறீர்கள். விசாவுக்கும் பஸ்ஸுக்கும் சம்பந்தமே இல்லைம்மா. அந்தக் கவலையை முதலில் விடுங்கள். ஆவணம் எதுவும் இல்லாமல் வந்த குழந்தைக்குக்கூடப் பள்ளியை மறுக்கக் கூடாது என்று ப்ளைலர் எதிர் டோ வழக்கில் 1982-லேயே இங்கே அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. எச்4-ல், அதாவது வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்கான விசாவில், வந்திருக்கும் உங்கள் பிள்ளைகளும் மற்ற பிள்ளைகளும் டிஸ்ட்ரிக்ட் (ஊரின் பொதுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்) கணக்கில் ஒன்றுதான். அவர்கள் பார்ப்பது நீங்கள் அந்த ஊரில் குடியிருக்கிறீர்களா என்பதை மட்டும். அதற்குத்தான் லீஸ் காகிதமும் கரண்ட் பில்லும் கேட்கிறார்கள்.

உங்கள் கேள்வியை மற்றவர்களுக்காகச் சுருக்கிச் சொல்கிறேன். நியூ ஜெர்சிக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். மகள் 9-ம் வகுப்பு, பள்ளி 2.3 மைல். மகன் 3-ம் வகுப்பு, பள்ளி 1.7 மைல். இரண்டு பேருக்கும் பஸ் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் உங்கள் கட்டடத்திலேயே இருக்கும் 7-ம் வகுப்புப் பையன், மகளின் ஹைஸ்கூலை ஒட்டியிருக்கும் மிடில் ஸ்கூலுக்கு மஞ்சள் பஸ்ஸில் போய் வருகிறான். இது என்ன நியாயம் என்கிறீர்கள்.

நியாயமோ இல்லையோ, சட்டம் அப்படித்தான் எழுதியிருக்கிறது. நியூ ஜெர்சியில் கிண்டர்கார்டன் முதல் 8-ம் வகுப்பு வரை, வீட்டிலிருந்து பள்ளி 2 மைலுக்கு மேல் இருந்தால் டிஸ்ட்ரிக்ட் கட்டாயம் பஸ் தர வேண்டும். 9 முதல் 12 வரை அந்தத் தூரம் இரண்டரை மைல். நம் கணக்கில் சொன்னால் சின்னவர்களுக்கு 3.2 கிலோமீட்டர், பெரியவர்களுக்கு 4. பக்கத்து வீட்டுப் பையன் 2 மைலைத் தாண்டிவிட்டான். உங்கள் மகள் அதே சாலையில் அதே தூரம் போனாலும் இரண்டரையைத் தொடவில்லை. அந்தப் பையனும் ஹைஸ்கூலுக்குப் போகிற வருடம் அவனுடைய பஸ்ஸும் போய்விடும். அவன் அம்மாவுக்கு இது தெரியுமா என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.

தூரத்தை எப்படி அளக்கிறார்கள் என்பதில்தான் நம் ஆட்கள் பலர் ஏமாந்து போகிறார்கள். கார் போகும் வழியை கூகுள் மேப்பில் போட்டு, 2.1 காட்டுகிறதே என்று சண்டைக்குப் போவார்கள். விதிப்படி கணக்கு அதுவல்ல. உங்கள் வீட்டு வாசலிலிருந்து பள்ளியின் மிக அருகிலுள்ள பொது வாசல் வரை, பொதுச் சாலையிலோ பொது நடைபாதையிலோ போகக்கூடிய மிகக் குறுகிய வழி. பூங்காவுக்குள் ஒரு பொது நடைபாதை இருந்து அது சுற்றைக் குறைத்தால் அதையும் சேர்த்துக் கொள்வார்கள். பெரிய அபார்ட்மெண்ட் வளாகங்களில் முன் கட்டடத்துக்கு பஸ் இல்லாமல் பின் கட்டடத்துக்கு இருப்பதும் இதனால்தான். கோடு எங்காவது விழத்தானே வேண்டும்.

இன்னொன்று, அளப்பது உங்கள் பிள்ளைக்கு ஒதுக்கிய பள்ளி வரைக்கும்தான். பக்கத்துப் பள்ளியில் இடமில்லை என்று தள்ளியிருக்கும் பள்ளியைக் கொடுத்தால், அந்தத் தூரத்தைத்தான் பார்க்க வேண்டும்.

சரி, மகன் விஷயத்துக்கு வருவோம். இதில் கொஞ்சம் இடம் இருக்கிறது. 2 மைலுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கும் டிஸ்ட்ரிக்ட் விரும்பினால் பஸ் விடலாம். இங்கே அதற்குப் பெயர் கர்ட்டஸி பஸ். நடந்து போகும் வழி ஆபத்தானது என்றால் பெரும்பாலும் அந்தக் காரணத்தில்தான் கொடுப்பார்கள். எதெல்லாம் ஆபத்து என்று பார்க்கலாம் என்பதற்கும் சட்டத்திலேயே ஒரு பட்டியல் உண்டு: வண்டிகள் எவ்வளவு, எவ்வளவு வேகம், நடைபாதை போதுமா, கண் மறைக்கும் வளைவு, செங்குத்தான ஏற்ற இறக்கம், கடக்க வேண்டிய பாலம், ரயில் தண்டவாளம், கடக்க வேண்டிய பரபரப்பான சாலை. எட்டு வயதுப் பையன் ரூட் 27-ஐக் கடந்து போக வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் 'பனியில் எப்படி நடப்பான், பாவம்' என்று எழுதாதீர்கள். பனியும் குளிரும் அந்தப் பட்டியலில் இல்லை. எந்த இடத்தில் நடைபாதை முடிகிறது, எந்த சிக்னலில் கடக்க வேண்டும் என்று நடந்து பார்த்து, போட்டோவோடு போக்குவரத்து அலுவலகத்துக்கு மெயில் போடுங்கள். பதில் சரியில்லை என்றால் டிஸ்ட்ரிக்டின் நிர்வாகக் குழுவான போர்டு ஆஃப் எஜுகேஷன் கூட்டத்தில் பொதுமக்கள் பேசும் நேரத்தில் எழுந்து கேட்கலாம். நம்மவர்கள் வாட்ஸ்அப் குழுவில் பக்கம் பக்கமாகப் பொருமுவார்கள், அங்கே போய் மூன்று நிமிடம் பேச மாட்டார்கள்.

ஆனால் இந்த பஸ் உரிமை இல்லை என்பதை மறந்துவிடாதீர்கள். செலவு டிஸ்ட்ரிக்டின் தலையில் விழுவதால், பட்ஜெட்டில் துண்டு விழும் வருடம் முதலில் கை வைப்பது இதில்தான். இந்த வருடம் கிடைத்தது அடுத்த வருடம் கிடைக்காமல் போகலாம்.

காசு கொடுத்தால் ஏற்றிக் கொள்வார்களா என்று கேட்டீர்கள். சில டிஸ்ட்ரிக்டுகளில் உண்டு, சப்ஸ்கிரிப்ஷன் பஸ் என்பார்கள். ஓடுகிற பஸ்ஸில் காலி இடம் இருந்தால்தான். உங்கள் மகளுக்கு நான் முதலில் கேட்கச் சொல்வது இதைத்தான். கட்டணம் ஊருக்கு ஊர் மாறும்.

தூரமே பார்க்காத ஒரு வகையும் இருக்கிறது. சிறப்புக் கல்வித் தேவையுள்ள பிள்ளைக்கென்று பள்ளி எழுதித் தரும் தனிக் கல்வித் திட்டமான ஐஇபி-யில் போக்குவரத்து தேவை என்று எழுதியிருந்தால், வீடு அரை மைலில் இருந்தாலும் பஸ் வரும். உங்களுக்குத் தேவைப்படாது, ஆனால் படிப்பவர்களில் யாருக்காவது தேவைப்படலாம் என்பதால் சொல்கிறேன். பேச்சு தாமதம், ஆட்டிசம் என்றால் அட்மிஷனிலேயே மறைத்துவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஊரில் அதற்குக் காரணம் இருந்திருக்கலாம். இங்கே மறைத்தால் பிள்ளைக்குச் சட்டப்படி வர வேண்டியதுதான் வராமல் போகும்.

நியூ ஜெர்சிக்கு வெளியே இருப்பவர்கள் இந்த 2 மைல் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். கலிபோர்னியாவிலும் டெக்சாஸிலும் பொதுவாக எல்லாப் பிள்ளைகளுக்கும் பஸ் விட வேண்டும் என்று மாநிலச் சட்டம் கட்டாயப்படுத்துவதே இல்லை, சிறப்புக் கல்விப் பிள்ளைகள் தவிர.

இன்னும் லீஸ் போடாதவர்களுக்கு: லீசிங் ஆபீஸில் 'ஸ்கூல் பஸ் வாசலிலேயே வரும்' என்று சொன்னால் அதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். அந்த பஸ் எந்த வகுப்புக்கு வருகிறது என்று அவர்களுக்கே தெரியாது. கட்டட எண்ணோடு முகவரியைச் சொல்லி டிஸ்ட்ரிக்டின் போக்குவரத்து அலுவலகத்தைக் கேளுங்கள். வாசலில் வருவதும் சந்தேகம்தான். நம் ஊர் ஸ்கூல் வேன் மாதிரி வீட்டு முன்னால் ஹாரன் அடிக்காது. தனியார் வளாகத்துக்குள் நுழையாமல் மெயின் ரோட்டு முனையில் நிற்கும் பஸ்கள் நிறைய.

பஸ் கிடைக்கும் வரை காரில்தான் கொண்டுவிடப் போகிறீர்கள். முன்னாலோ எதிரிலோ ஸ்கூல் பஸ் சிவப்பு விளக்கை மின்னவிட்டு நின்றால் 25 அடிக்கு முன்பே நிறுத்திவிடுங்கள். நடுவில் தடுப்பு இருக்கும் சாலையில் எதிர்ப்பக்கம் வருகிறீர்கள் என்றால் மட்டும் 10 மைல் வேகத்தில் மெதுவாகப் போகலாம். மீறினால் லைசென்ஸில் 5 அபராதப் பாயிண்ட் ஏறும், இன்சூரன்ஸும் கூடவே ஏறும்.

மகளுக்கு சப்ஸ்கிரிப்ஷனும் இல்லை என்று சொல்லிவிட்டால் கார்பூல்தான் வழி. இரண்டரை மைலுக்குள் இருக்கும் 9-ம் வகுப்புப் பிள்ளைகள் உங்கள் வளாகத்தில் இன்னும் நாலைந்து பேராவது இருப்பார்கள். காலையில் ஒரு வீடு, மாலையில் ஒரு வீடு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.