மாம்பழக் கிரேட்டுகளும் தொப்பூர் இறக்கமும்
(வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: பர்கூர் அருகே எங்களுக்கு மாந்தோப்பு இருக்கிறது. பருவத்தில் சேலத்திலுள்ள மகள் வீட்டுக்கு எங்கள் ஏழு இருக்கை காரிலேயே பழம் கொண்டுபோவது வழக்கம். சென்ற முறை கடைசி வரிசையை மடக்கிவிட்டு, 20 கிலோ பிடிக்கும் பிளாஸ்டிக் கிரேட்டுகள் எட்டை மூன்று அடுக்காக வைத்திருந்தோம். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் முன்னால் சென்ற லாரி திடீரென வேகம் குறைத்ததால் என் கணவர் பலமாக பிரேக் போட, மேலடுக்குக் கிரேட் ஒன்று நடு இருக்கையில் இருந்த பேரனின் தோளை உரசிக்கொண்டு முன்னால் வந்து விழுந்தது. இந்த முறை கேரியர் பொருத்திக் கூரைமேல் ஏற்றலாமா, உள்ளேயே வைத்து நைலான் கயிற்றால் கட்டினால் போதுமா?
— வாசகி, பர்கூர்

பதில்: கூரை வேண்டாம். பெரும்பாலான கார்களின் கூரை 50 முதல் 75 கிலோ வரைதான் தாங்கும். அந்தக் கணக்கில் கேரியரின் எடையும் அடங்கும். உங்கள் சரக்கோ 160 கிலோ. அதோடு, எடை மேலே போகப்போக வளைவுகளில் வண்டி கூடுதலாகச் சாயும்.

உள்ளே வைப்பதுதான் சரி, ஆனால் வைத்த விதம் தவறு. பலமாக பிரேக் போடும்போது ஒவ்வொரு கிரேட்டும் ஏறத்தாழ தன் எடைக்குச் சமமான விசையோடு முன்னோக்கித் தள்ளும். பிளாஸ்டிக்கின்மேல் பிளாஸ்டிக் எளிதில் வழுக்கும் என்பதால், இருக்கையின் முதுகுக்கு மேலே நின்ற அடுக்கைத் தடுக்க அங்கே எதுவுமே இல்லை. பேரனுக்கு உரசலோடு போனது நல்லகாலம். மோதல் என்றால் கணக்கே வேறு. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் எதிலாவது மோதி அரை மீட்டருக்குள் நின்றுவிட்டால், உள்ளே இருக்கும் பொருள் தன் எடையைப்போல் ஏறத்தாழ 20 மடங்கு விசையோடு பாயும். 20 கிலோ கிரேட் அந்த நொடியில் 400 கிலோவாக இடிக்கும்.

ஆகவே நான்கு நான்காக இரண்டே அடுக்கு வையுங்கள். நடு வரிசை இருக்கையின் முதுகோடு இடைவெளியே இல்லாமல் ஒட்டி அடுக்குங்கள். விரற்கடை இடம் விட்டாலும் பெட்டி அந்தத் தூரத்தில் வேகம் பிடித்துத்தான் முதுகை இடிக்கும். மேலடுக்கு இருக்கை முதுகின் உயரத்தைத் தாண்டினால் அந்த அடுக்கையே வீட்டில் விட்டுப்போவது மேல். சரக்கைப் பின்கதவோரமாகத் தள்ளி வைப்பதும் ஆகாது: பின்சக்கரத்துக்குப் பின்னால் எடை சேர்ந்தால் வண்டியின் முன்பக்கம் லேசாகத் தூக்கும், ஸ்டீயரிங் பிடிமானம் குறையும், முகப்பு விளக்கின் ஒளி எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். நடு வரிசையில் ஆள் உட்காராத இடங்களிலும் சீட் பெல்ட்டை மாட்டிவிடுங்கள். பின்னாலிருந்து வரும் தள்ளுதலைத் தாங்க இருக்கை முதுகுக்கு அது துணையாக இருக்கும்.

நைலான் கயிறு இழுவையில் நீளும், முடிச்சும் அதிர்வில் தளரும். லாரிக்காரர்கள் பயன்படுத்தும், இறுக்கும் பிடி வைத்த பாலியெஸ்டர் பெல்ட்டை வாங்கி, தரையோரத்தில் இரும்பு வளையங்கள் இருந்தால் அவற்றில் மாட்டுங்கள். ஜன்னலுக்கு மேலுள்ள கைப்பிடியில் எதையும் கட்டக் கூடாது. அது கை பிடிக்க மட்டுமே. பைக்குகளில் காணும் கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு துணிப்பைக்குச் சரி, மாம்பழத்துக்கு ஆகாது. எவ்வளவு இறுக்கினாலும் முதல் சில கிலோமீட்டரில் பெட்டிகள் ஒன்றுக்குள் ஒன்று அமர்ந்து பெல்ட் தளரும். காவேரிப்பட்டணத்தில் ஒருமுறை, தருமபுரி தாண்டிக் கணவாய் தொடங்கும் முன் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள்.

ஆர்.சி.யில் உள்ள காலி எடையை, கையேட்டில் உள்ள உச்ச எடையிலிருந்து கழித்தால் வருவதே ஆட்களும் சரக்கும் சேர்ந்து ஏற்றக்கூடிய அளவு. ஐந்து பேரும் 160 கிலோ பழமும் என்றால் 500 கிலோவை நெருங்கிவிடுவீர்கள். டயர் காற்றை முழுச் சுமைக்குக் குறித்த அளவுக்கு ஏற்றுங்கள். ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் அந்த அளவு ஒட்டப்பட்டிருக்கும். தொப்பூரில் இறங்கத் தொடங்கும்போதே கியரைக் குறைத்துவிட வேண்டும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டால் முழு எடையையும் பிரேக்கே தாங்க நேரும். அது சூடேறிப் பிடிப்பை இழப்பது அப்போதுதான்.

கேள்வி: சொட்டுநீர்ப் பாசனத்துக்கு 20 அடி பி.வி.சி. குழாய்கள் பத்து வாங்க வேண்டும். டிக்கியைத் திறந்துவைத்து காரிலேயே கொண்டுவரலாமா?
— வாசகர், பாலக்கோடு

பதில்: காரே ஏறத்தாழ 14 அடிதான், குழாய் எப்படியும் வெளியே நீளும். வரம்பை மீறிச் சரக்கு நீட்டிக்கொண்டிருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 194(1ஏ) பிரிவின்படி 20,000 ரூபாய் அபராதம். திறந்த டிக்கி வழியாகப் புகைக்குழாயின் நச்சுக்காற்றும் உள்ளே வரும். பிரேக் போட்டால் வழவழப்பான குழாய் ஈட்டிபோல் முன்கண்ணாடிக்கே வந்து நிற்கும். குழாய் முழுதும் வெளியே நீளாமல் அடங்கும் சரக்கு வண்டி ஒன்றை வாடகைக்குப் பிடியுங்கள்.