சிங்கப்பூரில் புதுச் சைக்கிள் பாதையில் நடப்பவர்களும் வருகிறார்கள், எப்படி ஓட்டுவது?

முதலில் பக்கத்தில் தனி நடைபாதை இருக்கிறதா என்று பாருங்கள். 2025 ஜூலையிலிருந்து, 'நடப்பவர்களுக்கு மட்டும்' என்று குறித்த பாதையில் சைக்கிள் ஓட்டக்கூடாது. சைக்கிள் பாதையில் உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர். மற்ற நடைபாதைகளில் 10.

25 என்பது ஆள் இல்லாதபோது மட்டும் போகிற வேகம். அந்த வேகத்தில் பிரேக் பிடிக்க யோசிக்கும் ஒரு நொடியிலேயே 7 மீட்டர் போய்விடும். நிற்க இன்னும் 6 மீட்டராவது வேண்டும். ஈரத்தில் அதுவும் போதாது.

மணியைச் சுமார் 20 மீட்டருக்கு முன்பே ஒரு தடவை அடியுங்கள். முதுகுக்குப் பின்னால் வந்து அடித்தால் மிரண்டு குறுக்கே விலகுவார்கள், மோதல் அங்கேதான். இடப்பக்கம் ஓட்டி, வேகம் குறைத்து வலப்பக்கமாக முந்துங்கள். காதில் இயர்போன் தெரிந்தால் மணியை நம்பவே வேண்டாம். பேருந்து நிறுத்தத்தில் இறங்கித் தள்ளிப்போவது உத்தமம்.