பி.ஏ. பொருளியலும் கணக்கும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் மகள் குடியாத்தத்தில் தமிழ் வழியில் ப்ளஸ் டூ முடித்திருக்கிறாள். வணிகவியலோடு கணினிப் பயன்பாடு எடுத்தாள், வணிகக் கணிதம் படிக்கவில்லை. வேலூரில் பி.ஏ. பொருளியலுக்கு இடம் கிடைத்திருக்கிறது. சொந்தக்காரர்கள் பி.காம்.தான் சேர்க்கச் சொல்கிறார்கள். அவளுக்கோ பொருளியல்தான் பிடிக்கிறது. சேர்க்கலாமா?

– ஒரு வாசகர், குடியாத்தம்

அன்புள்ள நண்பருக்கு,

தாராளமாகச் சேருங்கள். ஆனால் கல்லூரி திறப்பதற்குள் கணக்கைத் தொடங்கிவிட வேண்டும். கணக்கு வராதவர்களுக்கான படிப்பு இது என்று நம்பிச் சேர்கிறவர்கள் புள்ளியியல் தாள் வந்ததும் திணறிப்போகிறார்கள்.

வெளியே புத்தகம் தேட வேண்டாம். தமிழக அரசின் பதினொன்றாம் வகுப்பு வணிகக் கணிதமும் புள்ளியியலும் பாடநூல் போதும், தமிழிலேயே இருக்கிறது. எல்லாப் பாடத்தையும் போட வேண்டியதில்லை. வகை நுண்கணிதம், அதன் பயன்பாடுகள், விளக்கப் புள்ளியியல், ஒட்டுறவு ஆகியவற்றை மட்டும் தினம் ஒரு மணி நேரம் போடட்டும். இறுதிநிலைச் செலவு (கூடுதலாக ஒன்றைத் தயாரிக்க ஆகும் செலவு) என்பது மொத்தச் செலவின் வகையீடு, அதாவது அது மாறும் வீதம், என்று பிடிபட்டுவிட்டால் நுண்ணியல் பொருளியலில் (மைக்ரோ எகனாமிக்ஸ்) பாதிப் பயம் போய்விடும்.

மாணவர்கள் சறுக்குவது பெரும்பாலும் படத்தை மனப்பாடம் செய்வதால்தான். எந்த விலையில் எவ்வளவு வாங்குவார்கள் என்று காட்டுவது தேவைக்கோடு. முள்ளுக்கத்திரி விலை ஏறினால் அதன் தேவைக்கோட்டிலேயே மேலே நகர வேண்டும். வெண்டைக்காய் விலை ஏறி, ஜனங்கள் கத்திரிக்குத் திரும்பினால்தான் கோடே வலப்பக்கம் இடம்பெயரும். தேர்வில் இரண்டையும் குழப்பிவிடுகிறார்கள்.

தேவை நெகிழ்ச்சியும், அதாவது விலை மாறினால் வாங்கும் அளவு எவ்வளவு மாறுகிறது என்ற கணக்கும், அப்படித்தான். கிலோ 40 ரூபாய் 50 ஆனதும் விற்பனை 100 கிலோவிலிருந்து 90-க்கு இறங்குகிறது என்று வையுங்கள். விலை 25 சதவீதம் ஏற்றம், அளவு 10 சதவீதம் இறக்கம்; 10-ஐ 25-ஆல் வகுத்தால் நெகிழ்ச்சி 0.4. அதே விலை 50-லிருந்து 40-க்குத் திரும்பினால் 20 சதவீத இறக்கம், 11.1 சதவீத ஏற்றம், விடை 0.56 பக்கம் வந்துவிடும். சதவீதம் எடுக்கும் அடிப்படை எண் மாறியதுதான் காரணம். சராசரி விலை 45, சராசரி அளவு 95 என்று வைத்துப் போட்டால் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் 0.47. இதைக் கையால் நாலு முறை போட்டவள் மறக்கவே மாட்டாள்.

தரவைப் படிப்பதிலும் கவனம் வேண்டும். நம் வட ஆற்காட்டு நெல் கிராமங்களில் 1970-களில் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கெடுத்தார்கள். பசுமைப் புரட்சியின் பலன் சிறு விவசாயிகளுக்குப் போய்ச் சேருமா என்ற சந்தேகம் அப்போது வலுவாக இருந்தது. பத்தாண்டு கழித்து பொருளியலாளர்கள் பீட்டர் ஹேஸலும் சி. ராமசாமியும் அதே பகுதிக்குத் திரும்பி வந்து ஆராய்ந்தபோது சிறு விவசாயிகள், நிலமற்ற கூலிகளின் வருமானமும் கூடியிருந்தது தெரிந்தது. ஆய்வு 1991-இல் நூலானது. எந்த ஆண்டின் தரவு என்று கேட்காமல் முடிவை ஏற்கக் கூடாது என்பதற்கு இதைவிடப் பக்கத்து உதாரணம் கிடையாது. உங்கள் பெண் உழவர் சந்தை விலைப்பலகையை வாரம் ஒருமுறை எக்செல்லில் ஏற்றி வந்தால், மூன்றாம் ஆண்டு ப்ராஜெக்டுக்குச் சொந்தத் தரவே இருக்கும்.

வேலையைப் பொறுத்தவரை பி.ஏ.வோடு நிறுத்தினால் வங்கி, டிஎன்பிஎஸ்சி என்று ஏதாவதொரு பட்டம் கேட்கும் தேர்வுகள்தான் முக்கிய வழி; அங்கே பி.காம். மாணவர்களும் சமமாகப் போட்டியிடுவார்கள். இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வு எழுத முதுகலை கட்டாயம். சென்னை கோட்டூரில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் போன்ற இடங்களைக் குறி வைப்பதானால் ஆங்கிலத்தில் படிக்கும் பழக்கம் முதலாண்டே வர வேண்டும். மத்திய அரசின் பொருளாதார ஆய்வறிக்கையில் வாரம் பத்துப் பக்கம், அகராதியோடு, படிக்கச் சொல்லுங்கள்.