வாசகர் கேள்வி-பதில்: காற்று-எரிபொருள் அளவிக்கு எர்த் எங்கே கொடுப்பது?

கேள்வி: என்னிடம் 2015-ஆம் ஆண்டின் கவாஸாகி நிஞ்சா 300 பைக் இருக்கிறது. சைலன்சரை மாற்றிய பிறகு கலவையைச் சரிபார்க்க, வைடுபேண்ட் சென்சாருடன் (கலவையின் விகிதத்தைப் பரந்த எல்லையில் அளக்கும் ஆக்சிஜன் சென்சார்) கூடிய காற்று-எரிபொருள் அளவி ஒன்றை வாங்கி நானே பொருத்தினேன். சிவப்பு வயரைச் சாவி போட்டதும் மின்சாரம் வரும் ஒரு மெல்லிய வயரிலும், கருப்பு வயரை ரேடியேட்டர் விசிறிக்கான எர்த் வயரிலும் சேர்த்திருக்கிறேன். அளவியின் முகப்பு 13.2 என்று (ஒரு பங்கு பெட்ரோலுக்கு 13.2 பங்கு காற்று, எடையில்) காட்டும்போது, அதன் அனலாக் வயரோடு இணைந்த எரிபொருள் கட்டுப்பாட்டுப் பெட்டி 13.4 என்று பதிகிறது. விசிறி ஓடத் தொடங்கினால் அதுவே 13.7 ஆகிவிடுகிறது. ஸ்டார்ட்டரை அழுத்தும்போது அளவி அணைந்து, மறுபடியும் முதலிலிருந்து சூடாகிறது. சென்சார் பழுதா?
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: சென்சாரைச் சந்தேகிக்க உங்கள் கடிதத்தில் இடமில்லை. பழுதான சென்சார் முகப்பையும் பெட்டியையும் ஒருசேர ஏமாற்றும். ஒன்றுக்கு உண்மையையும் மற்றொன்றுக்குப் பொய்யையும் சொல்லாது. விசிறி ஓடும்போது வேறுபாடு கூடுகிறது என்ற ஒரு வரியே குற்றவாளியைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. கோளாறு எர்த்தில் இருக்கிறது.

அளவி தன் அனலாக் வயரில் அனுப்பும் மின்னழுத்தத்தைத் தன்னுடைய கருப்பு வயரைச் சுழியமாகக் கொண்டு கணக்கிட்டு அனுப்புகிறது. உங்கள் பெட்டியோ அதைத் தன்னுடைய எர்த்தைச் சுழியமாகக் கொண்டு படிக்கிறது. இரண்டு சுழியங்களும் ஒன்றாக இருக்கும்வரை சிக்கலில்லை. ஆனால் சென்சாருக்குள் இருக்கும் ஹீட்டரின் மின்னோட்டம் முழுவதும் அந்தக் கருப்பு வயர் வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். அதே மெல்லிய வயரில் விசிறியின் மின்னோட்டமும் சேர்ந்தால், அந்த வயரின் சிறிய மின்தடையே அளவியின் சுழியத்தைப் பேட்டரியின் மைனஸைவிடச் சற்று மேலே தூக்கிவிடும். பரவலாக விற்கும் ஒரு வகை அளவியில் 0.5 வோல்ட் என்றால் விகிதம் 8.5, 4.5 வோல்ட் என்றால் 18. அதாவது ஒரு வோல்ட்டுக்கு 2.375 புள்ளிகள். இந்தக் கணக்கில், எர்த் வெறும் 0.2 வோல்ட் உயர்ந்தாலே பெட்டியின் பதிவு ஏறத்தாழ அரைப்புள்ளி கூடிவிடும். உங்கள் 13.2-க்கும் 13.7-க்கும் இடையிலான தூரம் அவ்வளவுதான்.

இதைச் சிறிய விஷயம் என்று விட்டுவிடக் கூடாது. உங்கள் பெட்டி அந்தப் பதிவை நம்பித் தானாகவே பெட்ரோலைக் கூட்டும் வகையைச் சேர்ந்தது என்றால், உண்மையில் சரியாக இருக்கும் கலவையை லீன் (பெட்ரோல் குறைவு) என்று எண்ணி, விசிறி ஓடும்போதெல்லாம் ரிச் (பெட்ரோல் அதிகம்) ஆக்கிக்கொண்டே போகும். பிளக் கருத்துப்போன பிறகு மெக்கானிக் இன்ஜெக்டரைக் குறை சொல்வார்.

உறுதிப்படுத்திக்கொள்வது எளிது. மல்டிமீட்டரை டிசி 2 வோல்ட் அளவில் வைத்து, கருப்பு முனையைப் பேட்டரியின் மைனஸ் முனையிலும் சிவப்பு முனையை அளவியின் கருப்பு வயர் சேரும் இடத்திலும் தொட்டுப் பாருங்கள். இன்ஜின் ஓட வேண்டும், சென்சார் சூடேறியிருக்க வேண்டும், விசிறியும் ஓட வேண்டும். வண்டி நிறுத்தியிருக்கும்போது எடுக்கும் அளவு எதையும் சொல்லாது. 0.05 வோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. உங்கள் வண்டியில் 0.2-ஐ ஒட்டி வரும் என்று நினைக்கிறேன்.

தீர்வாக, அளவியின் கருப்பு வயருக்கு நேராகப் பேட்டரி மைனஸ் வரை தனி வயர் இழுங்கள். கட்டுப்பாட்டுப் பெட்டியின் எர்த்தையும் அதே போல்ட்டில் சேருங்கள். சில அளவிகளில் அனலாக் மைனஸ் என்று தனியாக ஒரு வயர் வரும். அது பெட்டியின் சிக்னல் எர்த்துக்கு மட்டும் போக வேண்டும். அந்தச் சிக்னல் எர்த்தில் ஹீட்டரின் கருப்பு வயரைச் சேர்ப்பது, இப்போது இருப்பதைவிட மோசமான வேலை. வண்டியின் சேஸிஸில் ஏதோ ஒரு போல்ட்டைக் கழற்றி அங்கே எர்த் கொடுக்கும் வழக்கத்தையும் நான் ஒப்புக்கொள்வதில்லை. பெயின்டும் துருவும் எப்போது தடையாக மாறும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஸ்டார்ட்டரை அழுத்தும்போது அளவி அணைவது வேறு கதை. குளிர்ந்த சென்சார் சூடாகும் முதல் நொடிகளில் ஹீட்டர் 2 முதல் 3 ஆம்பியர் வரை இழுக்கும், பிறகு குறையும். அதை ஏற்கெனவே பல வேலைகளைச் சுமக்கும் மெல்லிய வயரிலிருந்து எடுத்தால், ஸ்டார்ட்டர் பேட்டரியை அழுத்தும் அந்தக் கணத்தில் அளவிக்குப் போதிய வோல்ட் கிடைக்காது. ஒரு சாதாரண 12 வோல்ட் ரிலே போதும். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் (கையேட்டில் சொன்ன அளவு, பல அளவிகளுக்கு 5 ஆம்பியர்), அதிலிருந்து ரிலேயின் 30-ஆம் முனை. 87-ஆம் முனையிலிருந்து அளவியின் சிவப்பு வயர். 85-ஆம் முனை எர்த். இப்போது சிவப்பு வயரைச் சேர்த்திருக்கும் அந்த மெல்லிய வயரை 86-ஆம் முனைக்குக் கொடுங்கள். ரிலேயை இழுக்கும் வேலை மட்டும் என்றால் அது தாங்கும். இதற்குப் பிறகும் ஸ்டார்ட்டர் அடிக்கும்போது அணைந்தால், பேட்டரிக்கு வயதாகிவிட்டது என்று பொருள்.

ஹெட்லைட் வயரிலிருந்து ரிலேயை இயக்கலாமே என்று சிலர் கேட்பதுண்டு. விளக்கை அணைக்கும் சுவிட்ச் உள்ள வண்டிகளில் அதைச் செய்யாதீர்கள். ஹீட்டர் சூடாகாத சென்சாரின் மீது புகை தொடர்ந்து பட்டால் கரி படிந்து அது விரைவில் கெட்டுவிடும். எனவே இன்ஜின் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் அளவிக்கு மின்சாரம் இருக்க வேண்டும். சாவியைப் போட்டு, பெட்ரோல் பம்பின் ஓசை நின்றதும் ஸ்டார்ட் செய்யுங்கள். சாவியைப் போட்டபடி நீண்ட நேரம் பேசிக்கொண்டு நிற்பதும் நல்லதல்ல, ஏனெனில் குளிர்ந்த பைப்பில் தேங்கிய நீர்த்துளி சூடேறிய சென்சாரின் மீது தெறித்தால் உள்ளே இருக்கும் பீங்கான் விரிசல் விடும்.

வயரின் நீளம் போதவில்லை என்று சென்சாரின் கனெக்டரை மட்டும் வெட்டிவிடாதீர்கள். பாஷ் எல்எஸ்யூ 4.9 வகைச் சென்சாரிலிருந்து ஐந்து வயர்கள்தான் வரும், ஆனால் கனெக்டரில் ஆறு முனைகள் இருக்கும். அந்தக் கூடுதல் முனைக்கு உள்ளே, அந்த ஒரு சென்சாருக்கென்றே தொழிற்சாலையில் அளந்து சரிசெய்த சிறிய ரெசிஸ்டர் ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் அளவி கணக்கைத் திருத்திக்கொள்கிறது. வயரை நீட்ட வேண்டுமானால் அதற்கென விற்கும் நீட்டிப்பு வயரை வாங்குங்கள்.

கேள்வி: சென்சாருக்கான நட்டை எக்ஸாஸ்டில் எந்த இடத்தில் வெல்டிங் செய்வது? நண்பரின் வண்டியில் ஐடிலிங்கில் 17 என்று காட்டுகிறது. ஆனால் வண்டி சீராகவே ஓடுகிறது.
— ஒரு வாசகர், சென்னை

பதில்: பல சிலிண்டர் வண்டியில் பைப்புகள் ஒன்று சேரும் இடத்துக்குப் பின்னால், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு (புகையைச் சுத்திகரிக்கும் பகுதி) முன்னால். சென்சாரின் முனை கீழ்நோக்கியும் வயர் மேலேயும் இருக்கும்படி, கிடைமட்டத்திலிருந்து குறைந்தது 10 டிகிரி சாய்வு வேண்டும். அப்போதுதான் நீர் தேங்காது. நட்டின் மரை எம்18×1.5. வெல்டிங் முடியும்வரை சென்சாரை அதில் மாட்ட வேண்டாம்.

உங்கள் நண்பரின் வண்டியில் அநேகமாகக் குட்டையான சைலன்சர் இருக்கும். ஐடிலிங்கில் புகையின் ஓட்டம் விட்டுவிட்டு வருவதால், ஒவ்வொரு இடைவெளியிலும் வெளிக்காற்று பின்னோக்கி நுழைந்து சென்சாரைத் தொடுகிறது. சென்சார் அளப்பது ஆக்சிஜனைத்தானே தவிர பெட்ரோலை அல்ல. எனவே அந்தக் காற்றையும் சேர்த்து லீன் என்று சொல்கிறது. தீப்பொறி தவறும் சிலிண்டரும் இதே போலத்தான் லீன் காட்டும், எரியாத ஆக்சிஜன் வெளியே வருவதால். ஐடிலிங் எண்ணைப் பார்த்துப் பெட்ரோலைக் கூட்டாமல், 4,000 ஆர்பிஎம்முக்கு மேல் சுமையோடு ஓட்டும்போது வரும் எண்ணைப் பாருங்கள்.

இன்னொன்று: வண்டியோடு வந்த நேரோபேண்ட் சென்சாரைக் (கலவை லீனா, ரிச்சா என்று மட்டும் சொல்லும் சென்சார்) கழற்றிவிட்டு அந்த இடத்தில் இதை மாட்டாதீர்கள், தனி நட்டு வையுங்கள். அந்தச் சென்சார் இருக்கும்வரை, சீரான வேகத்தில் போகும்போது இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) தானே கலவையை 14.7-ஐ (எத்தனால் கலக்காத பெட்ரோல் முழுமையாக எரியும் விகிதம்) ஒட்டிப் பிடித்துவைக்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். அது உங்கள் டியூனிங்கின் வெற்றி அல்ல.

கேள்வி: இப்போது பங்கில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல்தான் கிடைக்கிறது. அளவியில் 14.7 என்பது இன்னும் சரியான எண்தானா?
— ஒரு வாசகர், மதுரை

பதில்: அந்தப் பெட்ரோல் முழுமையாக எரியத் தேவையான உண்மையான விகிதம் சுமார் 13.5. ஆனால் அளவிக்கு உங்கள் டேங்கில் இருப்பது தெரியாது. அது லாம்ப்டாவை (உள்ளே போன காற்றை, முழுமையாக எரியத் தேவையான காற்றால் வகுத்த எண்) அளந்து 14.7-ஆல் பெருக்கிக் காட்டுகிறது. ஆகவே முகப்பில் 14.7 என்று வந்தால், எந்தப் பெட்ரோலாக இருந்தாலும் லாம்ப்டா 1 என்றே பொருள். குழப்பமே வேண்டாமென்றால், முகப்பை லாம்ப்டாவுக்கு மாற்றிவிடுங்கள். பெரும்பாலான அளவிகளில் அந்த வசதி உண்டு. முழு ஆக்சிலரேட்டரில் 0.88-ஐ ஒட்டி இருந்தால் போதும், பழைய கணக்கில் அது 12.9.