மறு: எத்தனாலில் மரத்தூள் – 112% எண்ணெய் எப்படி வரும்?

வணக்கம். மரத்தை எண்ணெயாக்க, 100 மி.லி ரியாக்டரில் (மூடிய அழுத்தப் பாத்திரம்) 60 மி.லி எத்தனாலும் 5 கிராம் தைலமரத் தூளும் போட்டு 300 டிகிரிக்கு ஏற்றியதில் அழுத்தம் 200 பாரைத் தொட்டது, எண்ணெய் மரத்தூளின் எடையில் 112% வந்தது என்கிறீர்கள்.

முதலில் அழுத்தம், அது உயிர் விஷயம். எத்தனாலின் மாறுநிலைப் புள்ளி, அதாவது திரவம், வாயு என்ற வேறுபாடே மறையும் நிலை, சுமார் 241 டிகிரி, 61 பார். அதைத் தாண்டிவிட்டால், மூடிய பாத்திரத்தில் எவ்வளவு ஊற்றினீர்கள் என்பதுதான் பேசும். மாறுநிலை அடர்த்தி மி.லிக்கு 0.276 கிராம், அதாவது உங்கள் பாத்திரத்துக்கு 35 மி.லி எத்தனால். 60 ஊற்றினால் 200 பார் வரத்தான் செய்யும். பாதுகாப்புத் தகடு (அழுத்தம் மிஞ்சினால் உடைந்து வழிவிடுவது) எத்தனை பாருக்கு என்று பார்த்துவிட்டு அடுத்த ஓட்டம் போடுங்கள். ஃபார்மிக் அமிலம் சேர்ப்பதாக இருந்தால் எத்தனாலை இன்னும் குறைத்து ஊற்றுங்கள், அந்த அமிலம் உடைந்து வாயுவாகும்.

112% கணக்குப் பிழை இல்லை. எத்தனால் இங்கே வெறும் கரைப்பானாக நிற்பதில்லை. லிக்னின் (மரத்தின் இழைகளைப் பிணைக்கும் பொருள்) உடைந்த துண்டுகளில் எத்தில் தொகுதியாக ஒட்டிக்கொண்டு, அவை மறுபடி கூடிக் கரியாவதைத் தடுக்கிறது, அமிலங்களோடு சேர்ந்து அவற்றைப் பழ வாசனையுள்ள எஸ்டர்களாக்குகிறது. பாத்திரத்தைத் திறக்கும்போது அந்த வாசனை அடித்திருக்குமே? இப்படி ஒட்டிய எத்தனாலின் எடையும் எண்ணெயில் சேர்ந்துதான் நிற்கிறது. எத்தனாலைப் பிரித்தெடுக்கும் ஆவியாக்கியில் முழுதாகப் போகாத எத்தனாலும் இருக்கலாம்.

அதனால் எண்ணெயை வைத்து அளக்காதீர்கள். வடிகட்டிய திண்ம மிச்சத்தை 105 டிகிரியில் உலர்த்தி, உலர்ந்த மரத்தூளின் எடையிலிருந்து கழித்து மாற்ற விகிதம் (மரத்தில் எத்தனை சதவீதம் மாறியது என்பது) சொல்லுங்கள். மரமே இல்லாமல் எத்தனால் மட்டும் ஒரு ஓட்டமும் அவசியம். தூளின் ஈரப்பதம் எவ்வளவு? அதை நீங்கள் எழுதவே இல்லை.